சிறகு வைத்த மோட்டார் சைக்கிள்

வீட்டில் ஒரு பிள்ளை சம்பாதிக்கத் தொடங்கினால் இரண்டு பேச்சுகள் எழுகின்றன. ஒன்று கல்யாணப் பேச்சு. மற்றொன்று மோட்டார் சைக்கிள் பேச்சு. முன்னதைப் பெற்றோர் தொடங்குகின்றனர். பின்னதைப் பிள்ளை தொடங்குகிறான். இவ்விரண்டில் வீட்டின் அமைதியை அதிகம் குலைப்பது பின்னதே என்று தாணே அன்பர் ஒருவர் இப்பகுதிக்கு எழுதியிருக்கிறார்.

அன்பர் வாக்ளே எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் வேலை பார்ப்பவர். மகன் டிப்ளமா முடித்து, வேலையில் அமர்ந்து எட்டு மாதங்கள் ஆகின்றன. டி.வி.எஸ். அப்பாச்சி ஆர்.ஆர். 310 என்னும் வண்டியைத் தவணையில் வாங்க விரும்புகிறான். தகப்பனார் ஜாமீன் கையெழுத்திட வேண்டும். "முகப்பில் இரண்டு சிறகு வைத்திருக்கிறார்கள், இது வண்டியா, பறவையா? இதற்கா மூன்று லட்சம்?" என்பது தந்தையின் கேள்வி. "பந்தய வண்டியின் அமைப்பு அப்பா இது, இந்த விலையில் இவ்வளவு வேறு யார் தருகிறார்கள்?" என்பது மகனின் பதில். வாசகர்கள் பலர் வீட்டிலும் நடக்கும் வழக்கு ஆதலின், இருவர் வாதத்தையும் இம்மாதம் எடுத்துக்கொள்வோம்.

முதலில் வண்டியின் வரலாறு. 1911இல் மதுரையில் டி.வி. சுந்தரம் ஐயங்கார் தொடங்கிய பஸ் தொழிலின் வழிவந்த நிறுவனம் இது. 1980இல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 வெளிவந்தது. பால்காரர், காய்கறி வியாபாரி, பள்ளி ஆசிரியர் எனப் பலரையும் சுமந்த எளிய வண்டி அது. அதே ஓசூரிலிருந்து, ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. நிறுவனத்தோடு 2013இல் செய்துகொண்ட உடன்பாட்டின் பயனாக, 2017 டிசம்பரில் ஆர்.ஆர். 310 வெளிவந்தது. 312 சி.சி. கொள்ளளவும் 34 குதிரைத்திறனும் கொண்ட அதன் அன்றைய விலை 2,05,000 ரூபாய். 2024 செப்டம்பரில் அதைப் புதுப்பித்து, திறனை 38 ஆக உயர்த்தி, முகப்பின் இருபுறமும் சிறகு பொருத்தி, 2,75,000 ரூபாயில் தொடங்கும் விலைக்கு விற்பனைக்கு விட்டார்கள்.

அப்போதே வாலிபர்களிடையே இரண்டு கட்சிகள் தோன்றின. சிறகு மிகையான ஒப்பனை என்றது ஒரு கட்சி. ஏழு ஆண்டுகளாக அதே முகம். சிறகை மட்டும் ஒட்டிப் புதிது என்பதா என்று கேட்டது மற்றொரு கட்சி. ஒருவருக்கு மாற்றம் மிகுதி, மற்றொருவருக்கு மாற்றம் போதாது!

சிறகின் வேலை என்ன? பறவையின் சிறகு மேலே தூக்குவது. இது கீழே அழுத்துவது. விரைந்து செல்லும்போது காற்று முன்சக்கரத்தைச் சாலையோடு அழுத்திப் பிடிக்க இது உதவுகிறது. அதிவேகத்தில் சுமார் 3 கிலோ அழுத்தம் கிடைப்பதாக நிறுவனம் சொல்கிறது. காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தை ஒட்டி மாறும். வேகம் பாதியானால் அழுத்தம் கால் பங்காகிவிடும். மணிக்கு 160 கிலோமீட்டரில் 3 கிலோ என்று கொண்டால், 40 கிலோமீட்டரில் 200 கிராமுக்கும் குறைவு. கோட்பந்தர் சாலையில் மாலை நேரத்தில் அந்த 40 கிடைப்பதே அரிது. எனவே நம் சாலையில் அச்சிறகு பெரும்பாலும் அலங்காரமே.

ஆயினும் அலங்காரம் குற்றமாகுமா? ரயில்வேயில் பணிபுரியும் எனக்கு இதில் ஓர் உவமை தோன்றுகிறது. நமது பெரம்பூர் தொழிற்சாலையில் பிறந்த வந்தே பாரத் வண்டிக்குக் கூரிய மூக்கு உண்டு. 2023 பிப்ரவரி முதல் மும்பையிலிருந்து தாணே வழியாகச் சோலாப்பூருக்கும் சீரடிக்கும் அது செல்கிறது. மலைப்பாதையில் ஏறும்போது அந்த மூக்கினால் ஆகும் பயன் சொற்பம். எனினும் அது வரும்போது நடைமேடையில் நிற்பவர் அனைவரும் திரும்பிப் பார்க்கின்றனர்; குழந்தைகள் கை தட்டுகின்றனர். உழைத்துச் சம்பாதிக்கும் வாலிபன் தன் பொருளும் அவ்வாறு நான்கு பேர் பார்க்கும்படி இருக்க வேண்டும் என்று எண்ணினால் அதைப் பழிப்பதற்கில்லை. நம் தலைமுறையும் கைக்கடிகாரத்தைச் சட்டைக் கையை மடித்துக் காட்டியதுதானே!

இனி விலை. 2,05,000 என்பது 2,75,000 ஆனது ஏறக்குறைய 34 சதவீத உயர்வு. அவ்வேழு ஆண்டுகளில் நாட்டின் பொதுவிலைவாசியும் அதைவிடக் குறையாமல் உயர்ந்திருக்கிறது. மேலும், 2022 ஜூலையில் இதே ஓசூர் ஆலையில் உருவாகி, பெரும்பாலும் இதே எஞ்சினும் சட்டகமும் கொண்டு, பி.எம்.டபிள்யூ. முத்திரையோடு வந்த வண்டிக்கு 2,85,000 ரூபாய் வைத்தார்கள். அன்று அப்பாச்சியின் விலை அதனினும் குறைவு. ஆகவே கடையளவில் பார்த்தால் விலை அநியாயமன்று. இவ்வளவில் மகனின் வாதம் வெல்கிறது.

ஆனால் கடையின் விலை வேறு, வீட்டின் விலை வேறு. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சி.சி. வரையுள்ள வண்டிகளுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. அதன்படி 2,75,000 ரூபாய் வண்டி சுமார் 2,53,500 ஆகும். மஹாராஷ்டிரத்தில் 2017இல் உயர்த்திய வரிப்படி, 299 சி.சி.க்கு மேற்பட்ட வண்டிக்குச் சாலை வரி 12 சதவீதம். அதற்குக் குறைந்தால் 11. நமது வண்டி 312, பதின்மூன்று சி.சி.யினால் ஒரு சதவீதம் கூடுகிறது! வரி சுமார் 30,400 ரூபாய். ஐந்தாண்டு மூன்றாம் நபர் காப்பீடு, 2022இல் வகுத்த விகிதப்படி, 7,365. சொந்தச் சேதத்துக்கான காப்பீடு, நல்ல தலைக்கவசம் இரண்டு, மேலுறை, கையுறை எல்லாம் சேர்ந்தால் மூன்று லட்சம் தாண்டிவிடும். இதில் இரண்டரை லட்சம் கடன். வட்டி 11 சதவீதம். மூன்று வருஷம் என்று கொண்டால், மாதத் தவணை சுமார் 8,200. வட்டி மட்டுமே ஏறக்குறைய 45,000 ரூபாய். ஊரில் பாட்டிக்கு அனுப்பும் பணமும், தங்கையின் கல்லூரிக் கட்டணமும் இதே சம்பளத்திலிருந்து செல்லுமானால் அந்த 8,200 எவ்வளவு கனம் என்பதை மகனே கூட்டிப் பார்க்கட்டும். இவ்வளவில் தந்தையின் வாதம் வெல்கிறது.

இத்தனையும் சொன்ன பின், அன்பருக்கு ஒன்று கூற விரும்புகிறேன். தங்கள் கடிதத்தில் சிறகைப் பற்றி ஒரு பக்கமும் விலையைப் பற்றி ஒரு பக்கமும் எழுதியிருக்கிறீர்கள். கடைசி வரியில் மட்டும், "அவன் இரவுப் பணி முடிந்து வரும் வரை அவன் தாயார் உறங்குவதில்லை" என்றிருக்கிறது. வழக்கு அங்கேதான் இருக்கிறது. 2022இல் இந்நாட்டுச் சாலைகளில் மாண்டவர் 1,68,491 பேர். அவர்களில் நூற்றுக்கு நாற்பத்து நான்கு பேருக்கு மேல் இரு சக்கர வண்டியில் சென்றவர்கள். தங்கள் அச்சம் நியாயமானது. அந்த அச்சத்தை அச்சமாகவே மகனிடம் சொல்லுங்கள். வண்டி அழகில்லை என்று சொன்னால் அவன் வண்டிக்காக வாதாடுவான். பயமாக இருக்கிறது என்று சொன்னால் தாயாருக்காக யோசிப்பான்.

தம்பிக்கும் ஒரு வார்த்தை. குதிரைத்திறனைப் பற்றி அப்பாவிடம் பேசிப் பயனில்லை. நாலு பேருக்கு நடுவே தலைநிமிர்ந்து நிற்க வேண்டும் என்ற ஆசையைச் சொல். அவரும் அந்த ஆசையோடு இந்நகருக்கு வந்தவர்தாம். அப்பின்னிருக்கை சிறியது, உயரமானது. புடவை கட்டிய தாயார் அதில் அமர்ந்து மாதுங்கா கோயிலுக்கு வர இயலாது. அதையும் எண்ணிப் பார்.

என் யோசனை இதுதான்: ஒரு வருஷம் தவணையைச் செலுத்துவது போலவே மாதம் 8,200 ரூபாயைத் தபால் நிலையச் சேமிப்பில் போட்டு வரட்டும். பன்னிரண்டு மாதமும் தவறாமல் போட முடிந்தால் தவணையும் கட்ட முடியும். கையில் 98,400 ரூபாய் முதலும் இருக்கும். கடன் ஏறக்குறைய ஒன்றரை லட்சமாகக் குறையும். இடையில் நான்கு மாதம் தவறினால், வீட்டின் நிலை அவனுக்கே தெரிந்துவிடும். வருஷ முடிவில் அவன் அதே வண்டியைக் கேட்டால், அன்பரே, தயங்காமல் கையெழுத்திடுங்கள். தலைக்கவசம் மட்டும் தாங்களே வாங்கிக் கொடுங்கள்.