கண்ணோட்டம் இல்லாத கண்

மலைச்சுற்றுலா சென்று ராயப்பேட்டைக்குத் திரும்பிய மாணவர் ஒருவர் தம் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினார். உள்ளங்கையில் ஒரு சிறு தவளை. நகத்தளவே இருக்கும், மெல்லிய தோலினூடே உள்ளுறுப்புகள் நிழலாடின. “எப்படி எடுத்தாய், தம்பி?” என்றேன். “கல்லைப் புரட்டினோம் ஐயா, தாவாமலிருக்கக் கையில் பிடித்துக்கொண்டோம்” என்றார். படம் அழகாக இருந்தது. விடை அழகாக இல்லை.

இது ஒரு மாணவரின் பிழையன்று, காலத்தின் பிழை. தேனி மாவட்டத்தை ஒட்டிய கேரளத்து இடுக்கியில் மதிகெட்டான் சோலை என்றொரு காடு உண்டு. விண்மீன்களைத் தூவினாற்போலக் கரிய உடலெங்கும் வெண்புள்ளி கொண்ட அரிய தவளை அங்கு வாழ்கிறது. 1878-இல் பெடோம் என்பவர் அறிவியல் உலகிற்கு அறிமுகம் செய்த இவ்வினத்திற்கு அதன் பேரினத்தில் உடன்பிறப்பு வேறில்லை. விழுந்து மட்கும் மரங்களின் அடியே அது ஒடுங்கி வாழும். அங்கு ஓர் ஆய்வாளர் கண்ட ஏழு தவளைகள் பின்னர்க் காணப்படவில்லை; அவை மாண்டிருக்கக் கூடும் என்று லண்டன் விலங்கியல் கழகம் 2025 திசம்பரில் அறிவித்தது. படமெடுக்க வந்தோர் மரக்கட்டைகளைப் புரட்டியதும், தவளைகளைக் கையாண்டதுமே காரணமாகக் கூறப்பட்டன.

தவளை தன் குரலால் தன்னையே காட்டிக்கொடுத்து அழியும் என்பது நம் பழமொழி. இத்தவளைகளோ தம் வாயால் கெடவில்லை. பிறர் கண்ணால் கெட்டன.

தவளை தோலாலும் மூச்சுவிடுகிறது. தோலாலேயே நீர் பருகுகிறது. நம் கையிலுள்ள உப்பும் சோப்பும் கொசுமருந்தும் அதற்கு நஞ்சாகலாம். புரட்டிய கட்டையின்கீழ் இருந்த ஈரம் உலர்ந்தால் அதன் வீடே போயிற்று. நடு, தென் அமெரிக்க மழைக்காடுகளின் கண்ணாடித் தவளை, உறங்கும்போது தன் சிவப்பணுக்களில் ஏறத்தாழ 90 விழுக்காட்டைக் கல்லீரலில் ஒளித்து, இலையோடு இலையாக மறைகிறது என 2022-இல் வெளியான ஆய்வு கூறுகிறது. எழுப்பிவிட்டால் குருதி மீண்டும் ஓடும், மறைவு கலையும். மறைந்து வாழ்வதே அதன் காப்பு.

அப்படியாயின் படமே கூடாதா? கூடும். 2017-இல் தில்லிப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏழு புதிய இராத்தவளை இனங்களை அறிவித்தனர். அவற்றுள் நான்கு, 16 மில்லிமீட்டரும் வளராதவை. அவற்றை நாம் அறிந்ததே படங்களின் வழியாகத்தான். காணாத உயிருக்காகக் கண்ணீர் விடுவோர் சிலரே. ஆயினும் காப்பதற்காக எடுக்கும் படம் கொல்வதற்குக் கருவியாகலாமா?

இலக்கியம் பயில்வோர்க்கு ஒன்று சொல்வேன். இன்று ‘கண்ணோட்டம்’ என்றால் பார்வைக் கோணம் என்கிறோம். வள்ளுவர் ஓர் அதிகாரத்திற்கே அப்பெயரிட்டபோது அதற்கு இரக்கம் என்பதே பொருள். இரக்கமின்றிப் பார்ப்பதைத் தமிழ் பார்வையாகவே மதிக்கவில்லை.

மருந்துக்காகத் தவளையைப் பயன்படுத்தலாமா என ஒரு மருத்துவர் வினவியபோது, அதைக் கொல்வதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். தாய்ப்பறவையிடமிருந்து தோழர்கள் எடுத்துவந்த குஞ்சுகளைத் திரும்பக் கொடுக்கவும் பணித்தார்கள். மருந்துக்கே இசைவில்லை எனில், பிறர் பாராட்டும் ஒரு படத்துக்கு இசைவு எங்கிருந்து வரும்? காடு நமக்குச் சொத்தன்று, அமானிதம்.

ஆகவே மாணவச் செல்வங்களே, காட்டுக்குச் செல்லுங்கள்; இசைவு பெற்றுச் செல்லுங்கள். கல்லைப் புரட்டாதீர், கட்டையை நகர்த்தாதீர், உயிரைத் தொடாதீர். அரிய உயிரைக் கண்டால் அது வாழும் இடத்தை ஊரறியச் சொல்லாதீர். தானாக வெளிப்பட்டால் தொலைவில் நின்று படமெடுங்கள். வெளிப்படாவிடில் வெறுங்கையோடு திரும்புங்கள். பெரியோர்களும் பிள்ளைகளிடம் “என்ன படம் எடுத்தாய்?” என்று கேட்பதோடு நில்லாமல், “எப்படி எடுத்தாய்?” என்றும் கேட்க வேண்டும்.

கல்லுக்குள் இருக்கும் தேரைக்கும் இறைவன் உணவளிக்கிறான் என்பார்கள் நம் முன்னோர். அவன் உணவூட்டும் அந்தக் கல்லைப் புரட்டாதிருப்பதேனும் நம்மால் ஆகட்டும்.