விற்றால் மட்டும் போதுமா?

நாம் மிளகாய் வத்தல், மல்லி, பருப்பு மொத்த வியாபாரம் செய்கிறவர்கள். ரிமோட்டைப் பற்றி இவருக்கு என்ன தெரியும் என்று எலக்ட்ரானிக்ஸ் கடை நடத்தும் அன்பர்கள் நினைக்கலாம். வாங்கிப் பட்ட அனுபவம் இருக்கிறதே! அந்த அனுபவத்தில் கடை நடத்தும் எல்லோருக்கும் ஒரு பாடம் இருக்கிறது. அதைச் சொல்லவே இக்கட்டுரை.

நம் வீட்டு ஹாலில் ஒரு பிரம்புக் கூடை இருந்தது. அதில் டிவிக்கு ஒன்று, செட்டாப் பாக்ஸுக்கு ஒன்று, ஹோம் தியேட்டருக்கு ஒன்று, டிவிடி பிளேயருக்கு ஒன்று என நான்கு ரிமோட்டுகள். 2014 தீபாவளிக்கு வெளிநாட்டிலிருந்து வந்த மகன், எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ரிமோட் வாங்கி வந்தான். கம்ப்யூட்டரில் இணைத்து இரண்டு நாள் உட்கார்ந்து புரோகிராம் செய்தான். ‘டிவி பார்க்க’ என்று ஒரு பட்டன். அதை அழுத்தினால் டிவி, செட்டாப் பாக்ஸ், ஹோம் தியேட்டர் மூன்றும் அடுத்தடுத்து உயிர் பெற்றன. வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் அழுத்திக் காட்டினோம். கூடையைத் தூக்கிப் பீரோ மேல் வைத்தோம். பத்தாம் நாள் மகன் ஊருக்குக் கிளம்பிப் போனான்.

அதற்கடுத்த வாரம் ஒரு நாள் மின்சாரம் போய் வந்தது. அன்றோடு வாண வேடிக்கை முடிந்தது. மின்சாரம் வந்ததும் செட்டாப் பாக்ஸ் தானாக எரிந்தது, டிவி தூங்கிக்கொண்டிருந்தது. பட்டனை அழுத்தினோம். டிவி எழுந்தது, பாக்ஸ் படுத்துவிட்டது. மறுபடி அழுத்தினோம். பாக்ஸ் எழுந்தது, டிவி படுத்துவிட்டது. மாமியாரும் மருமகளும் மாறி மாறிக் கோபித்துக்கொள்வது போல அரைமணி நேரம் நடந்தது.

ஏன் இப்படி என்று பிறகுதான் விசாரித்துத் தெரிந்துகொண்டோம். ரிமோட்டின் முனையில் உள்ள சிறு பல்பு, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைப் பெரும்பாலும் வினாடிக்குச் சுமார் 38,000 தடவை துடிக்கச் செய்து கட்டளை அனுப்புகிறது. அந்தக் கட்டளையின் பாஷை கம்பெனிக்குக் கம்பெனி வேறு. எல்லாப் பாஷையும் தெரிந்த துபாஷிதான் யுனிவர்சல் ரிமோட். ஆனால் பல கருவிகளில் ஆன் செய்வதற்கும் ஆஃப் செய்வதற்கும் ஒரே கட்டளைதான். அணைந்திருந்தால் எரியும், எரிந்திருந்தால் அணையும். எதிரே இருப்பது எந்த நிலையில் இருக்கிறது என்று ரிமோட்டுக்குத் தெரியாது. அதற்கு வாய் உண்டு, காது கிடையாது.

நாம் ஐம்பது மூட்டை வத்தலை லாரியில் ஏற்றிவிட்டோம் என்று பேரேட்டில் எழுதியதோடு கணக்கு முடிந்துவிடுமா? சரக்கு வந்து சேர்ந்தது என்று எதிர்க்கடைக்காரர் கையெழுத்துப் போட்ட ரசீது திரும்பி வர வேண்டும். ரசீது இல்லாமலே ‘சேர்ந்துவிட்டது’ என்று அந்த ரிமோட் கணக்கு எழுதிக்கொண்டிருந்தது. அதைச் சரிசெய்ய வேண்டுமானால் மறுபடி கம்ப்யூட்டரில் இணைக்க வேண்டும். பாஸ்வேர்டோ மகனிடம். நமக்கு இங்கே சாயங்காலமாக இருக்கும்போது அவனுக்கு அங்கே வேலை நேரம்.

இது புதிய சரக்கும் அல்ல. ஆப்பிள் கம்பெனியை உருவாக்கியவர்களில் ஒருவரான ஸ்டீவ் வோஸ்னியாக், புரோகிராம் செய்யக்கூடிய ரிமோட்டை 1987லேயே ‘கோர்’ என்ற பெயரில் வெளியிட்டார். பின்னாளில் ‘ஹார்மனி’ ரிமோட்டுகளால் உலகெங்கும் பெயர் பெற்ற லாஜிடெக் நிறுவனம், அவற்றின் உற்பத்தியை நிறுத்துவதாக 2021 ஏப்ரலில் அறிவித்தது. வாங்கியவர்களுக்கு உதவி தொடரும் என்றும் சொன்னது. கம்பெனியின் உதவி இருக்கும்வரைதான் பொருளுக்கு முழு மதிப்பு என்ற சரக்கு பெருகிவிட்ட காலம் இது. விற்கிறவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும்.

இனி நமக்கு உறைத்த விஷயத்துக்கு வருவோம். மூன்று மாதம் கழித்து ஒரு நாள் கடையைச் சீக்கிரம் அடைத்துவிட்டு வீட்டுக்குப் போனோம். கதவு பூட்டியிருந்தது. நம் வீட்டம்மாள் பக்கத்து வீட்டில் தொடர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். விசாரித்தால், மூன்று மாதமாகவே அப்படித்தானாம்! “அந்த ரிமோட் எனக்கு ஒத்து வரலீங்க. புள்ள ஆசையா வாங்கிட்டு வந்தது, எதுக்குக் குறை சொல்லணும்னு விட்டுட்டேன்” என்றார்கள். சொந்த வீட்டில் டிவி இருக்க, முழங்கால் வலியோடு அடுத்த வீட்டுப் படி ஏறியிருக்கிறார்கள். நாமும் கேட்கவில்லை. ரிமோட்டைக் குறை சொன்ன நமக்கும் காது இல்லாமல்தான் இருந்திருக்கிறது.

மறுநாள் பஜாரில் தெரிந்த எலக்ட்ரிக்கல் கடைக்குப் போய், இருநூறு ரூபாய்க்குள் ஒரு சாதாரண யுனிவர்சல் ரிமோட் கேட்டோம். கடைக்காரத் தம்பி எடுத்துத் தரவில்லை. “யாரு பாக்கப் போறாங்க அண்ணாச்சி?” என்று கேட்டார். “வீட்லதான்” என்றோம். “அம்மாவுக்கு எத்தனை பட்டன் வேணும்?” என்றார். அந்தக் கேள்வியை மகனும் கேட்டதில்லை, நாமும் கேட்டதில்லை. பழைய ரிமோட்டுகளைக் கொண்டுவரச் சொன்னார். நம் செட்டாப் பாக்ஸ் ரிமோட்டிலேயே மேல் பக்கத்தில் டிவிக்கென்று நாலைந்து பட்டன்கள் இருந்தன. செட் பட்டனை அழுத்திப் பிடித்து, இரண்டு ரிமோட்டுகளையும் முகத்துக்கு முகம் ஒரு அங்குல இடைவெளியில் வைத்து, டிவியின் பவரையும் சத்தத்தையும் அதற்குக் கற்றுக்கொடுத்தார். ஐந்து நிமிட வேலை. டிவிக்கு ஒரு பவர் பட்டன், பாக்ஸுக்கு ஒரு பவர் பட்டன். எது எரியவில்லையோ அதை மட்டும் அழுத்தினால் போதும். காசு வாங்க மறுத்துவிட்டார்.

அன்றைய விற்பனை அவருக்கு ஒன்றுமில்லை. ஆனால் அதன் பிறகு நம் வீட்டுக்கு இன்வெர்ட்டர், நான்கு மின்விசிறி, குடோனுக்கு வயரிங் சாமான் எல்லாம் அவர் கடையில்தான். ஆன்லைனில் பத்து ரூபாய் குறைவு என்று பேரன் காட்டினாலும் நாம் மாறவில்லை.

அந்த உயர்ந்த விலை ரிமோட்டை நாம் பழிக்கவில்லை. புரோகிராம் செய்யத் தெரிந்தவர் அருகில் இருந்தால், கை நடுங்குகிறவர்களுக்கும் கண் மங்கியவர்களுக்கும் ஒரே பட்டன் பெரிய வரம். இன்றைய டிவிகளில் பல, எச்.டி.எம்.ஐ. கேபிள் வழியாக மற்றக் கருவியோடு இரு பக்கமும் பேசிக்கொள்ளவும் செய்கின்றன. குறை பொருளில் மட்டும் இல்லை. டப்பாவைக் கொடுத்துக் காசை வாங்கியதோடு வேலை முடிந்தது என்று நினைக்கும் நம் பழக்கத்தில் இருக்கிறது.

ஆகவே ரிமோட் விற்கும் அன்பர்களுக்குச் சில வார்த்தைகள். வாங்குகிறவர் எதிரிலேயே செட் செய்து காட்டுங்கள். கோடு எண்ணைப் பேட்டரி மூடியின் உட்புறம் பேனாவால் எழுதிக் கொடுங்கள். பழைய ரிமோட் கெட்டுவிட்டது என்று வந்தால், செல்போன் கேமராவை அதன் முனைக்கு நேரே பிடித்துப் பட்டனை அழுத்திப் பாருங்கள். பெரும்பாலான போன்களில் பல்பு மினுக்குவது தெரியும். தெரியாவிட்டால் முதலில் பேட்டரியை மாற்றிப் பாருங்கள். பழையதைத் தூக்கிப் போட வேண்டாம் என்றும் சொல்லி அனுப்புங்கள். மொத்த வியாபாரிகளும், தமிழில் செய்முறைச் சீட்டு வைக்கச் சொல்லிச் சப்ளையர்களிடம் கேட்க வேண்டும்.

பொருள் பிடிக்காத வாடிக்கையாளர் எல்லோரும் வந்து சண்டை போடுவதில்லை. பெரும்பாலோர் நம் வீட்டம்மாளைப் போலச் சத்தமில்லாமல் அடுத்த படி ஏறிவிடுகிறார்கள். எந்தச் சரக்கு விற்றாலும், வாங்கிப் போனவரை அடுத்த தடவை பார்க்கும்போது “நல்லா வேலை செய்யுதா?” என்று ஒரு வார்த்தை கேட்போம். அந்தப் பதில்தான் நமக்குத் திரும்பி வரும் ரசீது.