இரவல் காரும் ஒரு மண் தடமும்

பூந்தமல்லியைத் தாண்டி பெங்களூரு நெடுஞ்சாலையில் போனால் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடம் வரும். 1990 முதல் இயங்குகிறது. ஒரு சுற்று சுமார் 3.7 கிலோமீட்டர். அதற்கு முன் பந்தயம் சோழவரத்தில், உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளத்தில். இன்று தடத்தில் இறங்கும் இளைஞர்கள் பலருக்குக் கார் சொந்தமில்லை. ஏதோ ஓர் அணியிடம் வாடகைக்கு வாங்கியது. இரவல் கார் ஓட்டுபவனுக்கு முந்தவும் வேண்டும், மூக்கு நசுங்காமல் திருப்பித் தரவும் வேண்டும். நசுங்கினால் செலவு அவன் தலையில். அதனால் வளைவில் பிரேக்கைக் கொஞ்சம் முன்னதாகவே மிதிப்பான். அந்த நொடியிலேயே பந்தயம் கைவிட்டுப் போகிறது. அங்கே தோற்பது திறமை அல்ல, பணம். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் நாளெல்லாம் வாகன உதிரிபாகம் செய்யும் பிள்ளைக்கு வாடகைக் காரும் எட்டாது. ஆனால் மண் தடம் என்றால் பழைய மாருதி போதும்; வேகம் குறைவு, வழுக்கும் காரை அடக்கும் பாடமோ பெரிது. 2024-இல் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி இரவுப் பந்தயம் நடத்திக் காட்டிய அரசு, ஆவடிப் பக்கம் ஒரு மண் தடத்துக்கு இடம் ஒதுக்க வேண்டும். ஆம்புலன்ஸோடும், பொது வாடகைக் கார்களோடும்.