இழந்த பல்லைப் பொருத்துவது இறைப்படைப்பை மாற்றுவதா?

பல் இழந்த பெரியவர்கள் சிலர், தாடை எலும்பில் உலோக வேர் பதித்துச் செயற்கைப் பல் பொருத்திக்கொள்ளத் தயங்குகின்றனர். அல்லாஹ்வின் படைப்பை மாற்றிய பாவம் சேருமோ என்று அஞ்சுகின்றனர். மெல்ல இயலாமல் கஞ்சியோடு காலம் கழிக்கும் அவர்களுக்கு மார்க்கம் கூறும் விடை யாது?

நபித்தோழர் அர்ஃபஜா (ரலி) அவர்கள், அறியாமைக் காலத்தில் நடந்த குலாப் போரில் மூக்கை இழந்தார்கள். வெள்ளியால் மூக்குச் செய்து அணிந்தபோது அதில் துர்நாற்றம் உண்டாயிற்று. ஆகவே தங்க மூக்கு அணியுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்தார்கள். அபூதாவூத், திர்மிதீ ஆகிய இரு தொகுப்புகளிலும் இச்செய்தி உண்டு. மார்க்க அறிஞர் பலர் தம் பற்களைத் தங்கத்தால் கட்டிக்கொண்டதையும் இமாம் திர்மிதீ குறிப்பிடுகிறார்கள். ஆண்களுக்கு விலக்கப்பட்ட தங்கமே தேவைக்காக ஆகுமானதென்றால், விலக்கப்படாத டைட்டானியத்துக்குத் தடை ஏது?

அழகுக்காகப் பற்களை அராவி இடைவெளி உண்டாக்குவோரை நபிகளார் சபித்ததும் உண்மையே. ஆனால் அங்கே கண்டிக்கப்பட்டது குறையற்ற பல்லைச் சிதைத்தல். இங்கே நடப்பதோ இழந்ததை மீட்டல். முன்னது மாற்றம்; பின்னது மருத்துவம்.

கடமையான குளிப்பு நிறைவேறுமா என்றும் கேட்கின்றனர். டைட்டானியம் எலும்போடு பிணைந்துவிடும் என்பதை ஸ்வீடன் நாட்டு அறிஞர் பிரோனமார்க் கண்டறிந்து, 1965இல் மனிதருக்குப் பொருத்தினார். இவ்வாறு நிலைத்துவிட்ட பல், சொந்தப் பல்லின் சட்டத்தையே பெறும். வாய் கொப்பளித்தால் போதும். மரணித்த பின் மய்யித்திலிருந்து அதைப் பிடுங்க வேண்டியதும் இல்லை. கழற்றி மாட்டும் பல்செட்டின் நிலை வேறு. ஹனஃபீ மத்ஹபில் குளிப்பின்போது வாய் கொப்பளிப்பது ஃபர்ழு ஆதலால், நீர் உள்ளே சேராதவாறு மறைக்கும் செட்டைக் கழற்றிவிட வேண்டும். ஷாஃபிஈ மத்ஹபில் அது சுன்னத்து.

ஓரிடத்தில் மட்டும் விழிப்பு வேண்டும். தாடை எலும்பு தேய்ந்திருந்தால் மருத்துவர் எலும்புத் துகள் வைத்து நிரப்புவர். அத்துகள் மாட்டெலும்பிலிருந்தும், பன்றியிலிருந்தும், செயற்கையாகவும் தயாரிக்கப்படுகிறது. எது என்பதைச் சிகிச்சைக்கு முன்பே கேட்டு, ஆகுமானதைத் தருமாறு கூறுங்கள். கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

செலவு மிகுதியெனில் பல்செட்டே போதுமானது. இதற்காக வட்டிக் கடனில் விழ வேண்டாம். வசதியுள்ள பிள்ளைகளே! பெற்றோருக்கு இதைச் செய்து கொடுப்பதும் அவர்களுக்குச் செய்யும் பணிவிடையே. ஆதாரமற்ற அச்சத்தால் அவர்கள் வருந்த விடாதீர்கள். வல்ல இறைவன் நம் அனைவருக்கும் தெளிவையும் உடல்நலத்தையும் அருள்வானாக! ஆமீன்.