பந்தயத்துக்கு வரி உண்டு. பயிற்சிக்குப் பாதை உண்டா?

புது தில்லியில் பிரதமர் இல்லம் அமைந்துள்ள லோக் கல்யாண் மார்க், 2016 வரை ரேஸ் கோர்ஸ் சாலை என்றே அழைக்கப்பட்டது. பெயர் மாறிய பின்னரும் தலைநகரில் குதிரைப் பந்தயம் பேசப்பட்டுக் கொண்டுதான் இருக்கிறது. ஆனால், பேச்செல்லாம் பந்தயப் பணத்தைப் பற்றியதே. ஓடும் குதிரையைப் பற்றிக் கவலைப்படுவோர் மிகக் குறைவு.

2017-இல் சரக்கு மற்றும் சேவை வரி வந்தபோது பந்தயத்துக்கு 28 சதவீதம் விதிக்கப்பட்டது. 2023 ஆகஸ்டில், மழைக்காலக் கூட்டத்தொடரின் கடைசி நாளில் இரு அவைகளிலும் நிறைவேறிய திருத்தம், பந்தயத் தொகை முழுவதற்கும் வரி என்பதை உறுதி செய்தது. 2025 செப்டம்பர் 22 முதல் அது 40 சதவீதமாக உயர்ந்துவிட்டது.

சூதாட்டத்துக்கு வரி விதிப்பதில் தவறில்லை. ஆனால், ரேஸ் கிளப்புகள் பரிசுத் தொகை வழங்குவதும் பாதைகளைப் பராமரிப்பதும் பந்தய வருவாயைக் கொண்டுதான். வருவாய் சுருங்கும்போது சிக்கனத்துக்கு எளிதில் பலியாவது பயிற்சிப் பாதைதான்.

இரண்டு வயதுக் குதிரையின் எலும்பு இன்னும் முதிராதது. வாரக்கணக்கில் நடை, பிறகு மெதுவான ஓட்டம், அதன்பின் சிறு தூர வேக ஓட்டம் எனப் படிப்படியாகப் பழக்கினால்தான் அது உறுதிப்படும். அவசரப்பட்டால் முன்னங்கால் எலும்பில் வலியும் வீக்கமும் தோன்றும். அதையும் மீறி விரட்டினால் எலும்பில் விரிசல் விழும். பாதை இறுகிக் கிடந்தால் ஆபத்து இன்னும் கூடும்.

நான்கைந்து குதிரைகளை மட்டும் வைத்திருக்கும் பயிற்சியாளருக்கு நீச்சல் குளமும் நவீன இயந்திரங்களும் எட்டாக்கனி. அவை இல்லாமலும் நல்ல குதிரையை உருவாக்க முடியும். கிளறி நீர் தெளித்த மணல் பாதை, காலைத் தடவிப் பார்த்தே சூட்டை உணரும் அனுபவமிக்க குதிரைக்காரர், பொறுமையுள்ள உரிமையாளர் ஆகிய மூன்றும் இருந்தால் போதும்.

இவற்றில் மூன்றாவதுதான் அரிது. கொள்ளு, ஓட்ஸ், லாடம், மருத்துவம், ஊதியம் என மாதந்தோறும் செலவு நிற்பதில்லை. குதிரை ஓடாத மாதத்தில் வரவுக்கு வழியில்லை. ஆகவே, 'இறக்கிப் பார்த்துவிடுவோம்' என்ற நெருக்கடி பிறக்கிறது. பணமின்மையின் கேடு தீவனத் தொட்டியில் தெரிவதைவிட இந்த அவசரத்தில்தான் அதிகம் தெரிகிறது.

குதிரைப் பந்தயம் திறமை சார்ந்த விளையாட்டு என்று 1996-இல் கே.ஆர். லட்சுமணன் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நீண்ட பயிற்சியால் குதிரை பெறும் வேகமும் வலிமையும் அதற்கு முக்கியக் காரணங்களாகக் கூறப்பட்டன. பயிற்சியைக் காட்டிச் சட்டத்தின் பாதுகாப்பைப் பெற்ற விளையாட்டு, பயிற்சிக்கான அடிப்படை வசதியைப் புறக்கணிப்பது முரண்பாடு அல்லவா?

2024 செப்டம்பரில் சென்னை கிண்டி பந்தய மைதானத்தைத் தமிழக அரசு கையகப்படுத்தியபோதும் குத்தகையும் வாடகை பாக்கியுமே விவாதப் பொருளாயின. லாயத்தில் நின்ற குதிரைகள் பேசுபொருளாகவில்லை.

பந்தயம் மாநிலப் பட்டியலில் இருக்கலாம். விலங்கு வதைத் தடுப்பு பொதுப் பட்டியலில் உள்ளது. எனவே, மத்திய அரசு கைகழுவ முடியாது. முதல் பந்தயத்துக்கு முன் கால்நடை மருத்துவரின் கட்டாயக் கால் பரிசோதனை, பயிற்சிப் பாதைகளுக்குத் தர நிர்ணயம், குதிரைகளின் காயங்கள் குறித்த வெளிப்படையான ஆண்டறிக்கை ஆகியவற்றுக்குப் பெரும் நிதி தேவையில்லை. வசூலாகும் வரியில் சிறு பங்கே போதும்.

பந்தயம் வேண்டுமா, வேண்டாமா என்ற விவாதம் தொடரட்டும். அது முடியும்வரை இளங்குதிரையின் கால்கள் காத்திருக்க வேண்டும் என்பது நியாயமாகாது.