புது வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்குமுன்

சென்னை ராஜீவ் காந்தி சாலையில், பெருங்குடி முதல் சிறுசேரி வரை, புத்தம் புது சொகுசு அடுக்குமாடிகளில் வாடகைக்கு இருப்பவர்கள் நாங்கள். நீச்சல் குளம், ஜிம், கிளப் ஹவுஸ் என்று கேட்டு மயங்கி வந்தவர்கள்தாம். இதே போன்ற வீட்டைத் தேடிக்கொண்டிருக்கும் உங்களிடம் ஒன்று கேட்கிறோம்: அட்வான்ஸ் கொடுக்குமுன் கட்டட நிறைவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள்.

வீடு வாங்குகிறவர் கேட்க வேண்டியதை வாடகைக்கு வருகிறவர் ஏன் கேட்கிறார் என்று புரோக்கர் சிரிப்பார். சிரிக்கட்டும். இவ்வளவு பெரிய கட்டடத்துக்கு அந்தச் சான்றிதழ் இல்லாமல் நிரந்தர மின் இணைப்பு கிடைக்காது. கட்டுமானத்துக்கென்று வாங்கிய தற்காலிக இணைப்பிலும் டீசல் ஜெனரேட்டரிலும்தான் வண்டி ஓடும். தற்காலிக இணைப்புக்குக் கட்டணம் மிக அதிகம். வீட்டு இணைப்புக்கு உள்ள 100 யூனிட் இலவசமும் அதில் இல்லை. அந்தப் பணம் யாரிடமிருந்து வருகிறது என்பது முதல் மாத மெயின்டனன்ஸ் பில்லில் தெரிந்துவிடும்.

தண்ணீரையும் பாருங்கள். இந்தச் சாலையின் பெரும்பகுதி லாரித் தண்ணீரை நம்பித்தான் இருக்கிறது. 2019 கோடையில் இங்குள்ள சில ஐ.டி. நிறுவனங்கள், தண்ணீர் இல்லை, வீட்டிலிருந்தே வேலை பாருங்கள் என்று ஊழியர்களிடம் சொல்ல நேர்ந்தது. ஆகவே மாடல் ஃபிளாட்டின் சோபாவில் உட்காராதீர்கள். ஏற்கெனவே ஆள் குடியிருக்கும் ஒரு வீட்டுக் குளியலறையைக் காட்டச் சொல்லுங்கள். ஷவரின் கண்ணாடித் தடுப்பில் வெள்ளை வெள்ளையாகப் படிந்திருப்பதை நகத்தால் சுரண்டினால் பொடியாக உதிரும். அந்த உப்புதான் நாளைக்கு உங்கள் கீசருக்குள்ளும் வாஷிங் மெஷினுக்குள்ளும் படியப் போகிறது. லிஃப்டின் உள்சுவரில் இன்னும் பிளைவுட் அறைந்திருக்கிறதா? அப்படியானால் டைல்ஸும் சிமெண்டு மூட்டையும் உங்களோடுதான் மேலே ஏறும். டிரில்லிங் சத்தம் வாடகையில் அடக்கம்.

இனி அட்வான்ஸ். தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் இருக்கும் வாடகைச் சட்டம், மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்கிறது. காலி செய்த ஒரு மாதத்துக்குள், நாம் தர வேண்டிய பாக்கி போக மீதியைத் திருப்பித் தரவும் சொல்கிறது. ஆனால் ஆறு மாதம், பத்து மாதம் என்று எழுதிய அக்ரிமெண்டில் நாமே கையெழுத்துப் போட்டுவிட்டால், அந்த மூன்று மாத வரம்பு நமக்கு உதவாது. பதினொரு மாத ஒப்பந்தம்தானே, பதிவு எதற்கு என்பார்கள். எத்தனை மாதமானாலும் எழுத்து ஒப்பந்தம் வேண்டும், அதை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும் என்பதுதான் இந்தச் சட்டம்.

எங்களில் பலரை மிகவும் எரிச்சலூட்டியது பெயிண்டிங் சார்ஜ். காலி செய்யும்போது ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்கிறார்கள். படுக்கையறைச் சுவரில் ஓதம் ஏறி, பட்டி உப்பிப் பெயர்ந்து விழுந்தது கட்டியவரின் குறை. ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி, ஒப்படைத்த ஐந்து ஆண்டுக்குள் வேலையில் குறை தெரிந்து முறையிட்டால், கட்டியவர் 30 நாளில் இலவசமாகச் சரி செய்து தர வேண்டும். கேட்கும் உரிமை உரிமையாளருக்கு. அவரோ சிங்கப்பூரிலோ அமெரிக்காவிலோ இருப்பார். பில்டரோடு மல்லுக்கட்டுவதைவிட நம் அட்வான்ஸில் கழித்துக்கொள்வது சுலபம். குடிவரும் அன்றே ஒவ்வொரு சுவரையும் கூரையையும் படமெடுத்து அவருக்கு அனுப்பிவிடுங்கள்.

உரிமையாளர்களை நாங்கள் எதிரிகளாகப் பார்க்கவில்லை. பலர் வாடகையை வைத்துத்தான் இ.எம்.ஐ. கட்டுகிறார்கள். அவர்களையும் கேட்டுக்கொள்கிறோம்: ஓதம் பற்றி நாங்கள் அனுப்பும் படங்களைப் பில்டருக்கு எழுத்துமூலம் அனுப்புங்கள். ஐந்து ஆண்டு கடந்தபின் அந்தச் செலவு உங்கள் தலையில்தான்.

“நீங்கள் வேண்டாமென்றால் பத்துப் பேர் காத்திருக்கிறார்கள்” என்பதே எல்லாப் பேரத்திலும் கடைசிச் சொல்லாக இருக்கிறது. அந்தப் பத்துப் பேரும் நீங்கள்தான். பத்துப் பேரும் அதே சான்றிதழைக் கேட்டால், மூன்று மாதத்துக்கு மேல் தர மறுத்தால், பேரம் வேறு மாதிரி போகும்.

ஏற்கெனவே குடியிருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. காலி செய்யும் சமயத்தில் வீடு பார்க்க வருகிறவர்களிடம் “நல்ல வீடு” என்று சொல்லி அனுப்பிவிடாதீர்கள். கடைசி ஆறு மாத மெயின்டனன்ஸ் ரசீதுகளை எடுத்துக் காட்டுங்கள்.

இப்படிக்கு,
ராஜீவ் காந்தி சாலை அடுக்குமாடிகளின் வாடகைதாரர்கள்