அவர்கள் கூடினால் மகாநாடு, நாம் கூடினால் கலகமா?

மகாநாடு நம் பக்கத்துக்குப் புதிதல்ல. 1955 ஜனவரியில் ஆவடியில் காங்கிரஸ் கூடி, 'சோஷலிஸ பாணி சமுதாயம்' என்று தீர்மானம் போட்டது. அந்தச் சமுதாயத்தை ஆவடிக்காரர்கள் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள். இப்போது மகாநாடுகள் கூடுவது நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில். 2024 ஜனவரி 7, 8 தேதிகளில் அங்கே உலக முதலீட்டாளர் மகாநாடு நடந்தது. 6 லட்சத்து 64 ஆயிரம் கோடி ரூபாய்க்கு ஒப்பந்தங்கள் என்று சர்க்கார் அறிவித்தது. 2025 அக்டோபர் 9, 10 தேதிகளில் கோவை கொடிசியா வளாகத்தில், புதிதாகக் கம்பெனி தொடங்குகிறவர்களுக்கென்றே ஓர் உலக மகாநாடு. முதல் மந்திரியே தொடங்கி வைத்தார்.

இங்கெல்லாம் வருகிறவர்களின் பெரிய கவலை என்ன தெரியுமா? ஆயிரக்கணக்கான கூட்டத்தில் தனக்கு வேண்டிய ஆளைக் கண்டுபிடிப்பது எப்படி என்பதுதான்!

இந்தக் கவலை தீர ஒரு கருவி இருக்கிறது. செல்போனில் ஓடும் செயலி. 'நீ யார்? கையில் என்ன சரக்கு? உனக்கு என்ன தேவை?' என்று அது கேட்கும. ஒருவனிடம் யோசனை இருக்கிறது, பணம் இல்லை. இன்னொருவனிடம் பணம் இருக்கிறது, அதைப் பெருக்க வழி தேடுகிறான். கல்யாணத் தரகர் ஜாதகம் பார்ப்பதுபோல் செயலி இரண்டையும் பொருத்திப் பார்க்கும். 'நாளைக் காலை 11 மணி, நான்காம் மேஜை, பதினைந்து நிமிஷம்' என்று முகூர்த்தமும் குறித்துக் கொடுக்கும். கழுத்தில் தொங்கும் அட்டையில் உள்ள கட்டத்தைப் போனில் பிடித்தால் பெயர், விலாசம் எல்லாம் கைமாறிவிடும். லிஸ்பனில் 2016 முதல் நடக்கும் 'வெப் சம்மிட்' போன்ற பெரிய மகாநாடுகளில் இது பழகிப்போன விஷயம்.

இதில் என்ன தப்பு என்று தோழர்கள் கேட்கலாம். கருவியில் தப்பில்லை. மாமன் மச்சான் சிபாரிசு இல்லாத ஓர் அம்பத்தூர்ப் பையன், பாலிடெக்னிக் படித்தவன், பாங்க் மானேஜர் அறை வாசலில் காத்துக் கிடப்பதைவிட இது எவ்வளவோ மேல். கோளாறு, கருவி கேட்கும் கேள்விகளில் இருக்கிறது. 'எவ்வளவு பணம் திரட்டினாய்? எத்தனை மடங்கு வளருவாய்?' என்று கேட்கிறவர்கள், 'உன்னிடம் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள்? அவர்களுக்கு பி.எஃப்., இ.எஸ்.ஐ. கட்டுகிறாயா?' என்று ஏன் கேட்பதில்லை?

அம்பத்தூர் எஸ்டேட்டுக்குப் போய்ப் பாருங்கள். 1964ல் எழுந்த எஸ்டேட். புதுக் கம்பெனிக்காரன் காகிதத்தில் வரைந்த யந்திரத்துக்கு முதல் உருவம் கொடுப்பவன் யார்? லேத் பட்டறை டர்னர். வெல்டர். ஃபிட்டர். 'இந்த அளவு பொருந்தாது சார், அரை மில்லி குறைக்கணும்' என்று சொல்லி அந்த யோசனையைக் காப்பாற்றுகிறவன் அவன்தான். மகாநாட்டில் அவனுக்கு அட்டை உண்டா? செயலியில் அவன் பெயர் வருமா? முதலீட்டாளரைப் பதினைந்து நிமிஷத்தில் கண்டுபிடித்துக் கொடுக்கும் கருவிக்கு, பத்துக் கிலோமீட்டர் தள்ளி நிற்கும் கைகள் தெரியவில்லை!

பட்டறையின் பில் என்ன ஆகிறது? சிறு தொழில்களுக்கான 2006ஆம் வருஷச் சட்டம், சரக்கு வாங்கிய கம்பெனி 45 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும் என்கிறது; தவறினால் பாங்க் ரேட்டைப்போல் மூன்று மடங்கு வட்டி. சட்டம் புஸ்தகத்தில் பத்திரமாக இருக்கிறது. பில் பாக்கி நிற்கும்போது பட்டறைக்காரர் கை விரிக்கிறார். 'சம்பளம் அடுத்த வாரம்' என்ற பேச்சு டர்னர் வீட்டு அடுப்பில் போய் விடிகிறது.

இனி, நாம் ஒருவரையொருவர் தேடிக்கொண்டால் என்ன நடக்கிறது?

2021 டிசம்பர். ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஆலையில் ஐபோன் பூட்டும் பெண்கள், பூவிருந்தவல்லிப் பக்கத்து விடுதியில் கெட்ட சோறு தின்று சாய்ந்தார்கள். நூற்றைம்பதுக்கும் மேற்பட்டோர் ஆஸ்பத்திரியில். 'எங்கள் தோழிகள் எங்கே? உயிரோடு இருக்கிறார்களா?' என்ற கேள்விக்கு நம்பும்படி பதில் சொல்வாரில்லை. அந்தப் பெண்களும் செல்போனில்தான் ஒருவரையொருவர் பொருத்திக்கொண்டார்கள். இரவோடிரவாகப் பெங்களூர் சாலையில் வந்து உட்கார்ந்தார்கள். போலீஸ் பலரைப் பிடித்துக்கொண்டு போயிற்று. வதந்தி பரப்பியதாக வழக்கும் பாய்ந்தது. கிராமத்தில் களை பறித்த தாய்மாரின் மகள்கள் அவர்கள். அவர்களுடைய செல்போன் செய்த காரியத்துக்கு ஒரு மந்திரியும் பரிசு கொடுக்கவில்லை!

2024 செப்டம்பர் 9 முதல் 37 நாள் சுங்குவார்சத்திரம் சாம்சங் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தார்கள். முக்கியக் கோரிக்கை, தங்கள் யூனியனை அங்கீகரிக்க வேண்டும் என்பது. யூனியன் பெயரில் 'சாம்சங்' என்ற சொல் இருக்கக் கூடாதென்று கம்பெனி ஆட்சேபித்தது! கம்பெனி பெயர் போட்ட அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு மகாநாட்டில் திரியலாம். அந்தப் பெயருக்காக உழைத்தவன் அதைத் தன் சங்கத்துக்கு வைக்கக் கூடாதாம். கோர்ட்டு வரை போய், 2025 ஜனவரி 27ல்தான் சங்கம் பதிவாயிற்று.

2025 நவம்பர் 21ல் அமலுக்கு வந்த டில்லி சர்க்காரின் தொழிலுறவுச் சட்டமோ, பாதிப் பேர் ஒரே நாளில் சேர்ந்து லீவு போட்டாலே அதை வேலைநிறுத்தம் என்கிறது; அதற்கும் 14 நாள் முன்னறிவிப்பு வேண்டுமாம். பணக்காரனும் பணம் தேடுபவனும் சந்திக்கப் பதினைந்து நிமிஷம். நாம் சேர்ந்து வீட்டில் உட்காரப் பதினான்கு நாள்!

அடுத்த மகாநாட்டுக்குச் செயலி செய்கிறவர்களிடமும், அதற்குப் பொதுப்பணம் கொடுக்கும் சர்க்காரிடமும் கேட்கிறோம். ஒவ்வொரு கம்பெனியின் பெயருக்குக் கீழே நான்கு கட்டங்கள் சேருங்கள். எத்தனை தொழிலாளர்? பி.எஃப்., இ.எஸ்.ஐ. கட்டியாயிற்றா? பட்டறை பில் 45 நாளில் தீர்ந்ததா? யூனியன் உண்டா? எஸ்டேட்டுப் பட்டறைகளையும் பட்டியலில் ஏற்றுங்கள். டர்னருக்கும் ஓர் அட்டை கொடுங்கள். இந்த நான்கு கட்டங்களை எழுதிச் சேர்க்க ஒரு புரோகிராமருக்கு அரை நாள் போதும். முடியாது என்றால், அந்தக் கட்டங்களில் விழப்போகும் பதிலைக் கண்டு யார் பயப்படுகிறார்கள் என்று சொல்லட்டும்.